உன்னிடம் இருக்கும் என் தலையை உடனே அனுப்பவும்

ஃபுல்லர்ட்டன், கலிபோர்னியா
திங்கட்கிழமை காலை

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா ஐரீனுக்கு, தம்பி ஹார்லன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் முதுகுவலியும் எலுமிச்சை மரமும் சௌக்கியம். அங்கே நெப்ராஸ்காவில் உன் முழங்காலும் அத்தானின் ரத்த அழுத்தமும் கோழிகளும் அவ்வாறே இருக்க ஆண்டவன் அருள்வானாக.

நலம் விசாரித்தாயிற்று. விஷயம் இதுதான். போன பிறந்தநாளுக்கு என் வீட்டுக்காரி வெர்னா உனக்கு அனுப்பிய என் தலையை, இந்தக் கடிதம் கண்டவுடன் நான்கு பழைய துண்டுகளில் சுற்றி விரைவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அன்றுதான் வெர்னா ஃபிரெஸ்னோவில் தன் தங்கை வீட்டிலிருந்து திரும்புகிறாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ வெர்னாவோடு தினமும் பேசுகிறவள், உனக்கு வாய் தவறும். கடிதத்துக்கு வாய் கிடையாது.

அந்தத் தலைக் குவளை உன்னிடம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், உலகத்துக்கே எப்படி வந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு கில் மொன்டோயா முன்பு அலைச்சறுக்குப் பலகைகளுக்கு வர்ணம் அடித்தவன். இப்போது பனைமரத்தை ரம்பத்தால் அறுத்து, பல்லை இளிக்கும் சாமி முகமாகச் செதுக்குகிறான், அந்த முகங்களையே பீங்கான் குவளையாகவும் வார்க்கிறான். இதற்கு டீக்கி என்று பெயர். தென்கடல் தீவு எதையும் கண்ணால் காணாத கணக்குப்பிள்ளைகளும் பல் வைத்தியர்களும் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு இதற்காக உயிரை விடுகிறார்கள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சியோனே என்று நிஜமான சமோவாக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் உன் குவளையின் ஜோடியைக் காட்டி விசாரித்தேன். "எங்க தீவுல இப்படி ஒரு சாமியும் கிடையாது சார். ஆனா அந்த முறைப்பு இருக்கே, அது எங்க சித்தப்பாவேதான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த கில் தன் கொல்லையில் சிமெண்டில் ஓர் எரிமலை கட்டினான். பொத்தானை அழுத்தினால் புகை வரும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உயரம் ஆறடி நான்கு அங்குலம்! ஆறடிதான் விதி. முப்பத்தொரு வருஷம் கட்டட ஆய்வாளராக இருந்தவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிச் சும்மா இருப்பேன்? அளவு நாடாவோடு போனேன். அவன் எரிமலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், நாலு அங்குலத்தை வெட்டிடறேன். பதிலுக்கு நீங்க ஒரு மணி நேரம் இப்படியே முறைச்சுக்கிட்டு உட்காரணும்" என்றான். உட்கார்ந்தேன். நெற்றி, தாடை, காதுக்குக் காது என்று அளவு இடுக்கி வைத்து அளந்தான். தொப்பி தைத்துத் தரப்போகிறான் என்று நினைத்தேன். அளவு எடுக்கும் மனிதனை நான் குறுக்கே பேசித் தடுப்பதில்லை, அது தொழில் மரியாதை. ஐந்து மாதம் கழித்துத் தொப்பி வரவில்லை, நான் வந்தேன். இருநூறு பேராக வந்தேன், ஒவ்வொருவன் உச்சந்தலையிலும் ஸ்ட்ரா விட ஒரு ஓட்டை, அடியில் வரிசை எண், பெயர் 'அனுமதி கிடையாது'.

அன்று முதல் எனக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை. கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தால் எங்கிருந்தோ ஒருவன் "அனுமதி கிடையாது!" என்று கத்துகிறான், நான்கு பேர் கைதட்டுகிறார்கள். வீட்டில் அதைவிட மோசம். முதலாம் எண் குவளையை கில் வெர்னாவுக்குக் கொடுத்துவிட்டான். அவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, தினமும் சாயங்காலம் அன்னாசிச் சாறு ஊற்றி, எதிரில் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் அதனிடம் சொல்லுவாள். பக்கத்து நாற்காலியில் நான் குத்துக்கல்லாக இருக்கிறேன். குவளையைப் பார்த்துச் சிரிக்கிறாள் அக்கா! என் முகத்தைப் பார்த்து அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று எனக்கு நினைவில்லை. என்னை 'நீ' என்பவள் அதை 'அவர்' என்கிறாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அவரு நடுவுல திருத்த மாட்டாரு ஹார்லன். நான் செவ்வாய்க்கிழமைன்னு சொன்னா நீ புதன்கிழமைன்னுவே. அப்புறம் நான் கதையச் சொல்றதா, காலண்டரப் பாக்கறதா?" என்றாள். அது புதன்கிழமைதான், இருந்தாலும் விடு.

அவள் ஊரில் இல்லாத இந்தச் சனிக்கிழமை, வீட்டில் நானும் நானும் மட்டும் இருந்தோம். அந்த மூக்கு மேல் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். என் மூக்கை அளந்து, விகிதம் போட்டு, அதன் மூக்கையும் அளந்தேன். கால் அங்குலம் அதிகம்! வெர்னா வந்ததும் ஆதாரத்தோடு காட்டலாம் என்று காகிதம் எடுக்கத் திரும்பினேன். அப்பாவின் பழைய எஃகு நாடாவை உனக்குத் தெரியும், விட்டால் சரேலென்று சுருண்டுகொள்ளும். அதன் முனைக் கொக்கி குவளையின் இடது காதில் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நாடா சுருண்டது, என் தலை மேஜையைவிட்டுப் பறந்தது. பதினோரு துண்டு. பசை போட்டு ஒட்டினேன். ஒரு கண் தாடையில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்போதும் அது என்னைப் போலவே இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அள்ளிக்கொண்டு கில்லிடம் ஓடினேன். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"எத்தனாவது நம்பர் சார்?"

"ஒண்ணு."

அப்படியே எரிமலைச் சரிவில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொண்ணு வார்த்துக் குடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அச்சு ஏது சார்? நீங்கதானே எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டினீங்க!"

அதுவும் உண்மை. சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் ஊரைக் கூட்டி அச்சைச் சுத்தியலால் உடைப்பது இவர்கள் வழக்கம். இனி ஒருவனுக்கும் கிடைக்காது என்பதில் அப்படி ஓர் ஆனந்தம். அன்று சுத்தியலை வெர்னாவிடம் கொடுத்தார்கள். அவள் உடைத்தபோது, தொலைந்தது சனியன் என்று கை சிவக்கத் தட்டியவன் நான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு, கைதட்டிக்கொண்டே போட்டுக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசி நம்பிக்கையாக, இந்த டீக்கிக் கூட்டம் கூடும் 'மூழ்கிய படகு' பாருக்கு நேற்று மத்தியானம் போனேன். வெளியே உச்சி வெயில். உள்ளே ஜன்னலே கிடையாது, வைப்பது பாவமாம், அதனால் எந்நேரமும் அந்திதான். கண் பழகுவதற்குள் நேராக அவர்கள் உள்ளே கட்டியிருந்த செயற்கை அருவிக்குள் நடந்துவிட்டேன். சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது ட்ரூடி என்ற பெண் பானம் கலந்துகொண்டிருந்தாள், காதோரம் ஒரு கூடைப் பூ. என்னைப் பார்த்தாள், அலமாரியில் இருந்த குவளையைப் பார்த்தாள், கப்பல் மணியை அடித்தே விட்டாள். முப்பது பேர் எழுந்து நின்று "அனுமதி கிடையாது!" என்றார்கள். கடைக்குவளையைக் கேட்டேன், சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறதாம். எழுபத்தேழாம் எண் வைத்திருக்கும் ஓர்வில் என்ற பல் வைத்தியர் அதைப் பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். என்ன விலையானாலும் தருகிறேன் என்றேன். கண்கலங்கிவிட்டார். "வேற யாரா இருந்தாலும் யோசிப்பேன் சார். உங்களுக்கே உங்க தலைய விக்க எனக்கு மனசு வரல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! சுற்றிப் பார்த்தேன். ஊதிப்போன பேத்தை மீனின் வயிற்றுக்குள் விளக்கு வைத்து, அதை அவசர வழிப் பலகைக்கு நேர் முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய விதிமீறல் நோட்டீஸ் புத்தகம் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருப்பதில்லை. எழுதி நீட்டினேன். ட்ரூடி அதை உரக்கப் படித்தாள். கரகோஷம். மீனை நகர்த்தினார்கள், நோட்டீசைச் சட்டம் போட்டு அதே இடத்தில் மாட்டினார்கள். பலகை மறுபடி மறைந்துவிட்டது. பிறகு எனக்கும் எனக்கும் என்று வரிசையில் நின்றார்கள். ஓர்வில் சட்டையில் அனுமதிக்கப்பட்டதைவிட இரண்டு பூ அதிகம் என்று எழுதிக் கொடுத்தேன், நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பதினான்கு பேருக்கு எழுதினேன். சந்தோஷத்துக்காக அல்ல அக்கா, விதிமீறல் கண்ணெதிரே இருந்தது.

ஆக, இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது உன்னிடம் உள்ள நாற்பத்தெட்டாம் எண் ஒன்றுதான். அடியில் இருக்கும் எண்ணைச் சுரண்டி ஒன்று என்று எழுதிவிடுவேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தாளில்கூடப் பொய்யாக எழுதாதவன் சொல்கிறேன், என் நிலைமையைப் பார். வெர்னாவிடம் உடைந்தது என்று சொல்லத் துணிவில்லை. அவள் சிரிக்கிற ஒரே முகம் அது, அதையும் நானே உடைத்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

அத்தானுக்கு என் வணக்கம், உப்பைக் குறைக்கச் சொல். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். கோழிகள் தவறாமல் முட்டையிடட்டும், கூண்டு பக்கத்து வேலியிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை போகிற அவசரத்தில் இருக்கும் தம்பி,
ஹார்லன் ப்ரூவெட்
கட்டட ஆய்வாளர், ஓய்வு

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. நேற்று இந்தக் கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் நனைக்கும் நேரத்தில் வாசல் கதவு திறந்தது. வெர்னா! தங்கையோடு சண்டை, ஆறு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் பெட்டி, வாய்நிறையச் சேதி. நேரே மேஜைக்குப் போனாள். "அவரு எங்க?" என்றாள். வேறு வழி தெரியாமல் அது இருந்த இடத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாடையை மேஜைமேல் வைத்து, கில் சொன்ன மாதிரி முறைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், குப்பைத்தொட்டியிலிருந்து எட்டிப்பார்த்த, பசை ஒட்டிய குவளைக் காதைப் பார்த்தாள். எனக்கு எதிரில் ஒரு தம்ளர் அன்னாசிச் சாறு வைத்தாள், ஸ்ட்ராவோடு. பிறகு ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம். தங்கை, தங்கை வீட்டுப் பூனை, பூனையால் வந்த சண்டை. போன செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்பினேனே என்றாள். புதன்கிழமை. நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்ததில் முறைப்பு இன்னும் அச்சாக வந்ததோ என்னவோ, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மூக்கு மட்டும் கொஞ்சம் குட்டை" என்றாள்.

அதனால் அக்கா, உன்னிடம் உள்ள தலையை அனுப்ப வேண்டாம். இங்கே ஒன்று போதுமாம்.