பச்சைப் பொட்டலம் காலியான கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த சூயே அக்காவுக்கு, தம்பி ஜின்ஷெங் சின்ச்சூவிலிருந்து எழுதிக்கொள்வது. நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மகள் யூன்ஷி முனைவர் பட்டத்துக்காக வடிவமைக்கும் சிப் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆவலில் மீன்கஞ்சிக் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதன் வரைபடம் சிப் செய்யும் ஆலைக்குப் போயாக வேண்டும், தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான், பட்டமும் தள்ளிப்போகும். அவள் ஆய்வுக்கூடத் திரையில் வண்ண வண்ணமாய்க் கோடுகள். "இது என்னம்மா?" "கம்பிப்பா." "அது?" "அதுவும் கம்பிதான்ப்பா." "எல்லாம் எங்கே போகுது?" "ப்பா, கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். பக்கத்தில் கணினி, அதன் தலையில் 'சமத்தா இரு' என்று பெயர் போட்ட சோளப்பொரிப் பொட்டலம். பச்சை உறை இருக்கும்வரை இயந்திரம் அடம்பிடிக்காது, மஞ்சள் வைத்தால் தடுமாறும், சிவப்பு வைத்தால் நின்றே போகும் என்பதுதான் நம் ஊர் நம்பிக்கையாயிற்றே. உன் கடைப் பில் மெஷின் மேலேயும் பச்சை ஒன்று இருக்கிறதே. எல்லாம் தெரிந்தும், இத்தனை நாள் இயந்திரச் சூட்டில் கிடந்த பொரி எப்படி ருசிக்கும் என்று எனக்கு ஓர் ஆராய்ச்சி. ஒன்றே ஒன்று என்று எடுத்தேன். பொட்டலம் காலி. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் வரைபடத்தின் ஒரு மூலையெங்கும் சிவப்புப் புள்ளிகள். கூடப் படிக்கும் போஹான், "காலையில சுத்தமா இருந்துச்சே, இப்ப எங்கேருந்து இத்தனை பிழை?" என்றான். யூன்ஷி சட்டென்று திரையைத் திருப்பிக்கொண்டாள். நான் காலிப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன். "மாமா, இங்க பச்சை ஒண்ணு இருந்துச்சே?" என்று போஹான் கேட்டான். "எனக்கெப்படிப்பா தெரியும்?" என்றேன், மீசையில் பொரித்தூளோடு.

கடை கடையாக அலைந்தேன், எங்கும் மஞ்சள்தான், அதில் ஒன்றை வாங்கிக்கொண்டேன். தெருமுனை மண் தெய்வக் கோயில் படையலில் ஒரு பச்சை இருந்தது. சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் உருட்டி அனுமதி கேட்டேன். முதலில் இரண்டும் மல்லாந்து விழ, சாமி பதில் சொல்லாமல் சிரித்தது, கெஞ்சி மறுபடி உருட்டியதும் சம்மதித்தது. மஞ்சளை அங்கே வைத்துவிட்டுப் பச்சையோடு ஓடிவந்தால், சிவப்பெல்லாம் மறைந்து வரைபடமும் ஆலைக்குப் போயாகிவிட்டது. பொட்டலம் வாசலுக்கு வந்தபோதே வேலை செய்துவிட்டது, அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் நாக்கால் பிள்ளையின் பட்டம் போயிருக்கும். இது அவளுக்குத் தெரியவே கூடாது.

உன் முழங்காலுக்கு மண் தெய்வம் துணையிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் தம்பி ஜின்ஷெங்

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது யூன்ஷி கூப்பிட்டு, சிவப்புப் புள்ளிகள் வந்த அந்த மூலையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். சிப்பில் மிச்சமிருக்கும் இடத்தில் சின்னதாகப் படம் வரைவது இவர்கள் வழக்கமாம். வழுக்கைத் தலை, பெரிய மீசை, பொட்டலத்துக்குள் ஒரு கை. "நீங்க தின்னதைப் பாத்ததுமே வரைஞ்சேன். உங்க தொப்பை பக்கத்துக் கம்பியை முட்டிருச்சுப்பா, அதான் அத்தனை பிழை. தொப்பையைக் கொஞ்சம் குறைச்சேன், சரியாயிடுச்சு." அடியில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்: 'அப்பா, சமத்தா இருங்க.'