சுத்தியல்காரரும் எங்கள் ஜெபப் பெட்டியும்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எத்தனை கோயில் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரு கையில் பைபிளும் மறு கையில் சுத்தியலுமாக ஆராதனைக்கு வருகிற ஆள் எங்கள் அண்ணனூர் சபையில் மட்டும்தான் உண்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஏதோ இருக்கும். எங்களுக்கு அவர் சுத்தியல்காரர்.

ரயில் ஷெட்டில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. 'டங்' என்று பாடினால் நல்ல சக்கரம். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். மேலே பெயிண்ட் பளபளப்பதைப் பார்த்து அவர் மயங்கியதே இல்லை. அவர் ரிட்டயர் ஆனார், அவர் கை ஆகவில்லை. மார்க்கெட்டில் பூசணிக்காய், டீக்கடையில் பாய்லர், எதையும் தட்டாமல் விடமாட்டார். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுத்த பீரோவைத் தட்டிவிட்டு, "தகரம் மெலிசு" என்று சொல்லிவிட்டார். சம்பந்திகள் சண்டையை அமர்த்தப் போதகர் ஐயா இரண்டு பாட்டை நீட்டிப் பாடவைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் சபைக்கு அப்போது பெரிய பெயர். பாடகர் குழுவுக்கு ஒரே நிறச் சேலை, ஆராதனை போனில் ஓடும், சிறந்த சபை என்று இரண்டு வருஷம் தொடர்ந்து கேடயம். எல்லாவற்றுக்கும் மேலே ஜெபப் பெட்டி. தேக்கு மரம், பித்தளைப் பூட்டு. கஷ்டப்படுகிறவர்கள் சீட்டு எழுதிப் போட்டால், பெண்கள் சங்கம் வெள்ளிக்கிழமை திறந்து ஜெபித்து, அவர்கள் வீட்டுக்கும் போய்வர வேண்டும். சங்கத் தலைவி நான். ஞாயிறுதோறும் எழுந்து நின்று, "எல்லாச் சீட்டுக்கும் ஜெபித்தோம்" என்று அறிவிப்பேன். வேறு சபைக்காரர்கள் வந்து பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அச்செழுத்தை நான் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். கையெழுத்து என்றால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த டீச்சரம்மா மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். இன்னொருத்தியிடம் கேட்டால் தலைவி நாற்காலி என்ன ஆவது? சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் சங்கம் பூட்டிய பெட்டியைச் சுற்றி நின்றே ஜெபித்தது. மூடிய பெட்டியையும் கர்த்தர் படிப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது கேடயத்துக்காகப் பேராயர் வந்த ஞாயிறு. பெட்டியைத் தடவிப் பார்த்து, "இதுதான் இந்தச் சபையின் உயிர்" என்றார். பின் பெஞ்சிலிருந்து சுத்தியல்காரர் எழுந்து வந்தார். ஒரே தட்டு. டொக்.

"ஐயா, இத்த யாரும் தொறக்கறதில்ல. மூணு வருசமா தட்டிக்கினு வரேன். சத்தம் செத்துகினே போவுது. உள்ள ரொம்பி கீது."

"யோவ், இன்னிக்குமா? போய் உக்காருயா" என்றார் செயலாளர்.

"நான் இன்னா சண்டையா போட்டேன்? கேட்ட சத்தத்த சொல்றேன்."

பேராயர் பொதுவாகக் கேட்டார், "சாவி யாரிடம் இருக்கிறது?"

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. கேடயம் போச்சு, நாற்காலியும் போச்சு. போகிறது என்று எழுந்துவிட்டேன்.

"என் ஊட்டு அரிசி டப்பாவுல கீது ஐயா. எனக்குக் கையெழுத்துப் படிக்க வராது. மூணு வருசமா பொய் சொன்னேன்." சிலர் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிங்க. படிச்சவங்க இத்தினி பேரு கீறீங்களே, ஒருத்தராவது சாவி எங்கன்னு கேட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. சுத்தியல்காரர் அடித்த அடியில் பூட்டு தெறித்து விழுந்தது. சீட்டுகள் தரையில் கொட்டின. பாதிக்குப் பாதி ஒரே கையெழுத்து, அதுகூடத் தெரியாத அளவுக்கு நான் மோசமில்லை. ஒன்றை எடுத்து அவரிடமே நீட்டினேன். "இன்னா எழுதிகீது, படிப்பா."

அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "என் சம்சாரம் படுத்துட்டா. இந்தக் கோயில்ல பாடனவ. யார்னா ஊட்டுக்கு வந்து ஒரு பாட்டு பாடுங்க. அவ்ளோதான்க்கா. அல்லாத்துலயும் இதேதான்."

"இத்த வாயத் தொறந்து கேக்கக்கூடாதா?"

"பொட்டியில போடுன்னு நீதானேக்கா சொன்னே."

அதற்குமேல் அங்கே யாரால் உட்கார முடியும்? "கெளம்புங்க" என்றேன். அவர் வீடு திருநின்றவூரில். சபை மொத்தமும் மின்சார ரயிலில் ஏறிற்று. அங்கியோடு பேராயர் ஏறியதைப் பார்த்து, ஜன்னல் சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். விருந்துக்குச் செய்த பிரியாணி அண்டா, பின்னாலேயே வேனில் வந்து சேர்ந்தது. சுத்தியல்காரர் அதையும் தட்டினார். டொக். செயலாளர் அவசரமாக அண்டா மூடியைத் திறக்கப் போனார். "பயப்படாதீங்க. இது ரொம்பி கீறதால வர்ற நல்ல டொக்கு."

ஒரு ரூம் வாடகை வீடு. நாங்கள் சந்து முழுக்க நின்றோம். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தாள் அந்தம்மா. கேடயம் வாங்கிய எங்கள் குழு இரண்டாம் சரணத்தில் சுருதியை விட்டது. கட்டிலில் இருந்தபடி அவள் எடுத்துக் கொடுத்தாள். பேராயர் உட்பட அத்தனை பேரும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பாடினோம். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். அப்படியொரு ஆராதனை எங்கள் சபை கட்டிய நாளிலிருந்து நடந்ததில்லை.

கேடயம் ஆவடிப் பக்கம் ஒரு சபைக்குப் போயிற்று. நன்றாக இருக்கட்டும். மீதிச் சீட்டு எழுதியவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்கி முடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. இப்போது சங்கத்துப் பெண்கள் மாறி மாறிப் படிக்கிறார்கள். புதுப் பூட்டின் சாவி என் கழுத்தில் தொங்குகிறது. தலைவி இன்னமும் நான்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் வீடுகளுக்குப் போக என்னைக் கூப்பிட வருகிறவர் சுத்தியல்காரர்தான். வாசல் கேட்டில் ஒரு தட்டு, "அக்கா, கெளம்பலாமா?" என்பார். என் மகன் போன மாதம் புதுசாகக் காலிங் பெல் வாங்கிக்கொண்டு வந்தான். அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.