மில்லிமீற்றர் அண்ணையும் என் பதினாறு இஞ்சிச் சக்கரங்களும்

துல்லியத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தில், சுவிஸ்காரனையே "போதும் ஐயா, ஆளை விடு" என்று கையெடுத்துக் கும்பிட வைத்த ஒரே மனிதர் எங்கள் மில்லிமீற்றர் அண்ணைதான். மணிக்கூடு செய்கிறவர்களும் ரயில் ஓட்டுகிறவர்களும் என்னைக் கோபிக்க வேண்டாம். கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெயரை வைத்ததும் ஒரு சுவிஸ்காரர்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அண்ணை பேர்ன் நகரத்தின் மேற்கே, பூம்ப்ளிஸில், ஒரு டயர்க் கடையில் வேலை செய்தார். அக்டோபர் வந்தால் ஊரே குளிர்கால டயருக்கு மாறும், கடை வாசலில் கார்கள் வரிசையில் நிற்கும். மற்ற வேலையாட்கள் ஒரு காரை இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அண்ணை சக்கரத்தைப் பூட்டிய பிறகு, சட்டைப் பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்து, டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நாலு சக்கரத்திலும் அளந்து கொப்பியில் எழுதுவார். ஒருநாள் முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஹெர் மில்லிமீற்றர், வெளியே பதினொரு பேர் நிற்கிறார்கள்" என்றாராம். 'ஹெர்' என்றால் திருவாளர். அண்ணை அதைப் பட்டம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் வதிவிட பெர்மிட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் அவர் இருந்த அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே குடியிருந்தேன். ஆகவே மற்றவர்களைவிட எனக்கு அனுபவம் கொஞ்சம் அதிகம்.

ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரம், மேளம் உச்சத்தில் முழங்குகிறது, அண்ணையைக் காணவில்லை. தேடிப் போனால் கார் தரிப்பிடத்தில், மாப்பிள்ளையின் காருக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியோடு முழங்காலில் நின்று சக்கரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணை, தாலி கட்டியாச்சு."

"கட்டட்டும் தம்பி. இந்தக் காரிலதானே ரெண்டு பேரும் போகப்போகினம். வலப்பக்கம் ஆறு மில்லிமீற்றர்தான் கிடக்கு."

மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு வருடம் அண்ணையோடு கதைக்கவில்லை.

இவ்வளவுக்கும் அவரிடம் கார் இல்லை, லைசென்சும் இல்லை. ஓட்டப் பரீட்சையில் காரை ஒதுக்கி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஓரத்திலிருந்து அதிகம் தள்ளி நிறுத்திவிட்டீர் என்று பரிசோதகர் சொல்ல, அண்ணை கீழே இறங்கி அளந்து காட்டியிருக்கிறார். அண்ணையின் அளவுதான் சரி. பரிசோதகர் பெயிலாக்கி அனுப்பிவிட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் முட்டாள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படக்கூடாது.

அந்த வருடம் வெயில் தொடங்கியபோது ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். கார் நல்ல கார். ஆனால் பதினாலு இஞ்சிச் சக்கரம், பார்த்தால் பழ வண்டி மாதிரி இருக்கும். பீல் நகரத்தில் ஒரு போர்த்துக்கீசன் பளபளவென்று நாலு பதினாறு இஞ்சி அலோய் ரிம் வைத்திருந்தான், டயரும் பூட்டியபடி. என் பழைய சக்கரங்களை அவன் தலையில் கட்டிவிட்டு, புதியதைப் பூட்டிக்கொண்டு, தேர் வெளிக்கிட்ட மாதிரி பூம்ப்ளிஸுக்கு வந்து சேர்ந்தேன். வாசலிலேயே அண்ணை நின்றார்.

"தம்பி, டயரில என்ன எழுதியிருக்கு எண்டு பாத்தனீரோ?"

"ஏதோ இலக்கம் கிடக்கு அண்ணை."

"ஏதோ இலக்கமோ?" அவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "205, 50, 16. முதலாவது டயற்ற அகலம். ரெண்டாவது, அந்த அகலத்தில எத்தினை வீதம் அதின்ர உயரம். மூண்டாவது ரிம். உம்மட பழசு 185, 60, 14. ரிம் பெருத்தா டயர் மெலிய வேணும், அப்பதான் வெளிவட்டம் மாறாமல் நிக்கும். நீர் ரெண்டையும் பெருப்பிச்சுப்போட்டீர். மொத்தம் முப்பத்திநாலு மில்லிமீற்றர் கூட. அதில பாதி, பதினேழு, மேல ஏறும். மட்காட்டில உரஞ்சும்."

"பீலிலயிருந்து ஓடி வந்தனான். உரஞ்சேல்லையே."

"தனியத்தானே வந்தனீர். சுவிஸ்காரன்ர காரில புருசன், பெண்சாதி, ஒரு நாய். எங்கட காரில எப்பவாவது இடம் மிஞ்சினதோ? அஞ்சு பேர், மடியில ஒரு சட்டி, டிக்கியில ஒரு அண்டா. பின்பக்கம் பதியேக்க உரஞ்சும். 195, 45 போடும். நாலு மில்லிமீற்றர்தான் வித்தியாசம்."

அந்த 195, 45 டயரைக் கடையில் போய்ப் பார்த்தேன். ரிம்மைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் பட்டி, அவ்வளவுதான். பட்டினி கிடந்த டயர். என் தேருக்கு அதைப் பூட்டுவதா? வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று கிழமை வேலைக்கும் வீட்டுக்கும் தனியாக ஓடினேன். ஒரு சத்தமும் இல்லை. மாடிப்படியில் அண்ணையைக் காணும்போதெல்லாம், "அண்ணை, இண்டைக்கும் உரஞ்சேல்லை" என்று சொல்வேன். இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோசம். அவர் கோபிக்கவே மாட்டார். "ஆக்களை ஏத்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போவார்.

இப்படியிருக்கும்போதுதான் அண்ணியின் விசா வந்தது.

அண்ணை கலியாணம் கட்டி ஆறாவது கிழமை நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். அண்ணி யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலுமாக இருந்தார். ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் அண்ணை அலுவலகம் அலுவலகமாகக் கடுதாசி கொண்டு அலைந்ததை நாங்கள் பார்த்தோம், அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவருடைய ஒற்றை அறையில் ஒரு உடுப்பு அலுமாரி இருந்தது. அதன் இடது பக்கம் எப்போதும் வெறுமையாக இருக்கும். ஒருமுறை என் குளிர்கால ஜாக்கெட்டை அதில் கொழுவப் போனேன். "அது அவளின்ர பக்கம், தம்பி" என்று மெதுவாகச் சொல்லி வாங்கிக் கதவில் கொழுவினார். நான் அதற்குப் பிறகு அந்த அலுமாரிப் பக்கம் போனதேயில்லை.

விமானம் சனிக்கிழமை வருகிறது. அன்று பார்த்து லொசானில் ஒரு பெரிய கலியாணம், பூம்ப்ளிஸில் இருந்த தமிழ்க் கார் எல்லாம் அங்கே போகிறது. மிஞ்சியது என் தேர் ஒன்றுதான். அண்ணியின் சின்னம்மாவும் அவருடைய கணவரும் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பெண் பகுதியில் யாரும் போகாமல் பிள்ளையை எப்படி அழைத்து வருவது என்று சின்னம்மா ஒரே பிடி. ஆக, திரும்பி வரும்போது ஐந்து பேர், இரண்டு பெட்டி.

வியாழக்கிழமை பின்னேரம் அண்ணை பரிசோதனைக்கு வந்தார், ஒரு சட்டியில் ரொட்டிக்குக் குழைத்த மாவோடு. அதுதான் அவருடைய கருவி. மாவைச் சின்ன உருண்டைகளாக உருட்டி, மட்காட்டின் உட்பக்கம் ஒட்டுவார். கார் ஓடி வந்த பிறகு அந்த மா எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று அளப்பார். மா அப்படியே இருந்தால் இடம் இருக்கிறது, மாவில் டயரின் பூ, அதாவது அதன் வரிக்கோலம், விழுந்திருந்தால் உரசுகிறது. சின்னம்மாவின் கணவர் முன் சீட்டில் ஏறினார். பின்னால் ஒரு பக்கம் சின்னம்மா, மறு பக்கம் அண்ணை. டிக்கியில் பெட்டிகளுக்குப் பதிலாகத் தண்ணீர்க் கான்கள். நடுவில் அண்ணிக்குப் பதிலாக ஒரு சாக்கு அரிசி.

"எத்தினை கிலோ போட்டனீங்கள் அண்ணை?"

"கலியாணத்தில அம்பத்திரண்டு. ஏழு வருசம். அம்பத்தைஞ்சு எண்டு வைப்பம்."

சொல்லிவிட்டு அரிசிச் சாக்குக்குச் சீட் பெல்ட்டைக் கவனமாகப் போட்டார். சின்னம்மா சிரிக்கத் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தெருவில் ஒரு மேடு உண்டு. அதில் ஏறி இறங்கியதும் பின்னால் "கர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் மாவில் டயரின் பூ அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. "நான் அப்பவே சொன்னன்" என்றுகூட அண்ணை சொல்லவில்லை. புது மா ஒட்டிவிட்டு, தான் இறங்கி நின்றுகொண்டு, மறுபடி ஓடச் சொன்னார். இந்த முறை சத்தமில்லை. மூன்று மில்லிமீற்றர் மா மிச்சம். "சரி" என்று கொப்பியில் எழுதி மூடினார். என்ன சரி என்று எனக்கு விளங்கவில்லை. நான் அப்படியே டயர்க் கடைக்கு ஓடினேன். 195, 45 கையிருப்பில் இல்லை, திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் நான் என்னைத் திட்டிய மாதிரி வேறு யாரும் என்னைத் திட்டியதில்லை.

சனிக்கிழமை சூரிச் விமான நிலையம். கதவு திறக்கத் திறக்க அண்ணை எட்டிப் பார்க்கிறார். கடைசியில் அண்ணி தள்ளுவண்டியில் இரண்டு பெட்டியோடு வந்தார். மெலிந்த பெண், கண் நிறையப் பயம். அண்ணை முதலில் பெட்டிகளைத்தான் பார்த்தார் என்று சின்னம்மா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். பொய். நான் பக்கத்தில் நின்றேன். அவர் அண்ணியைத்தான் பார்த்தார், தொடர்ந்து பார்க்க முடியாமல்தான் பெட்டிகளுக்குக் கண்ணை மாற்றினார். "கனம் எத்தினை?" என்று கேட்டார். ஏழு வருடத்துக்குப் பிறகு கட்டிய மனைவியோடு நேரில் பேசிய முதல் வார்த்தை அது.

கார் தரிப்பிடத்தில் பெட்டிகளை ஏற்றினார். அண்ணியையும் சின்னம்மாவையும் பின்னால் இருத்தினார், சின்னம்மாவின் கணவரை முன்னால் இருத்தினார். பிறகு வெளியே நின்றபடியே கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்தார். வியாழக்கிழமையே வாங்கி வைத்திருக்கிறார்.

"நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் ரயிலில வாறன்."

சின்னம்மா கண்ணாடியை இறக்கினார். "உங்களுக்கென்ன விசரோ? பொம்பிளையைக் காரில அனுப்பிப்போட்டு மாப்பிள்ளை ரயிலிலயோ வாறது?"

"நான் ரயிலில போறன்" என்றார் அவருடைய கணவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. போனமுறை பேர்னில இறங்க மறந்து ஜெனீவா மட்டும் போனனீங்கள்."

நான் இறங்கி அண்ணையின் கையைப் பிடித்தேன். "ஏறுங்கோ அண்ணை. வலக்கரையால மெள்ள மெள்ள ஓடுறன். பிழை என்னிலதான்."

"மேடு பள்ளத்துக்கு மெள்ள ஓடுறது தெரியாது, தம்பி. உரஞ்ச உரஞ்ச டயர் கிழியும். நெடுஞ்சாலையில கிழிஞ்சா?" அவர் கண்ணாடிக்குள்ளால் அண்ணியைப் பார்த்தார். "ஏழு வருசம் காத்திருந்தனான். பதினேழு மில்லிமீற்றருக்கு அவளைப் பணயம் வைக்க மாட்டன்."

அப்போது பின் கதவு திறந்தது. அண்ணி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நானும் ரயிலில வாறன்."

"களைச்சு வந்த பிள்ளை, உனக்கேன் ரயில்?" என்றார் சின்னம்மா.

"ஏழு வருசமா நான் காரில ஏறவோ காத்திருந்தனான், சின்னம்மா?"

சின்னம்மா கண்ணாடியை மேலே ஏற்றினார். அண்ணை என் பக்கம் திரும்பி, "அப்ப உங்களுக்கு மூண்டு பேரும் ரெண்டு பெட்டியும். எட்டு மில்லிமீற்றர் மிஞ்சும், வடிவா ஓடலாம்" என்றார். இருவரும் ரயில் நிலையத்துக்கு இறங்கும் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். அண்ணி அவருடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்திருந்தார்.

நாங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் பூம்ப்ளிஸ் வந்து, புட்டவித்து, காத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வந்து சேர எங்களைவிட ஒரு மணித்தியாலம் கூடுதலாக எடுத்தது. அண்ணை கை கழுவப் போன நேரம் நான் அண்ணியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ரயிலில என்ன அண்ணி கதைச்சனீங்கள்?"

"நான் எங்க கதைச்சன் தம்பி? அவர்தான். ஏறினதில இருந்து இறங்கும் மட்டும் உங்கட டயரைப் பற்றித்தான்." அண்ணி சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தன். அவர் நிப்பாட்டியிருந்தா ரெண்டு பேரும் அழுதிருப்பம்."

திங்கட்கிழமை கடை திறக்க முன்னமே போய் வாசலில் நின்று அந்தப் பட்டினி டயர்களை வாங்கிப் பூட்டினேன். கார் உரசாமல் ஓட வேண்டும் என்ற கவலை அப்போது எனக்குப் பெரிதாக இருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக என் பின் சீட்டில் இருத்தி, எங்கேயாவது, எவ்வளவு தூரமாவது, கூட்டிக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது.