எட்டாம் எண் பேருந்தின் மீட்பர்

ஊரைக் காப்பாற்றுகிறவர்களில் ஒரு வகை உண்டு. முதலில் ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிடுவார்கள், எதைக் காப்பாற்றுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். இவர்களைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். 'நான்' என்று சொல்லவே மாட்டார்கள், 'இயக்கம்' என்பார்கள். இயக்கத்துக்குத் தொண்டை கட்டியிருக்கும், இயக்கம் மத்தியானம் கொஞ்சம் கண்ணயரும். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நம் செயலாளர் இந்த வகையில் கலப்படம் இல்லாத ரகம்.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் எட்டாம் எண் பேருந்தில் போதிய ஆள் ஏறுவதில்லையாம், அதனால் நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்த மூன்றாம் நாள் 'எட்டாம் எண் மீட்பு இயக்கம்' பிறந்தது. நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறை, சுழலும்போது முனகும் மின்விசிறி, பொருளாளராக ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர். ஒன்றாம் எண் ரசீதை வாங்கியவர் தையல்காரம்மா. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஆட்டோவில் போனால் தைத்துச் சம்பாதிப்பது போகிற வழிக்கே சரியாகிவிடும். அவருக்கு எட்டாம் எண் என்பது பேருந்து அல்ல, மூச்சு.

பணம் சேர்ந்தது. பணம் சேர்ந்தால் செயலாளருக்குக் கை அரிக்கும். திருடுகிற அரிப்பு இல்லை, தவறாக நினைக்காதீர்கள். ஒரு காசு வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை அவர். முதலில் பெயர்ப்பலகை, அப்புறம் பெயர்ப்பலகையைத் திறந்துவைக்க விழா, விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தின் புகைப்படங்களைப் போட ஒரு மலர், அந்த மலரை வெளியிட இன்னொரு விழா. கடைசியாக ஒரு பழைய வேன்.

"வேன் எதுக்குங்க?" என்றார் பொருளாளர்.

"மக்கள்கிட்ட போக வேணாமா?"

"மக்கள் எதிர்ல பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறாங்க. படி இறங்கினா போதும்."

"படி இறங்கிப் போனா இயக்கம்னு யாரு நம்புவா?"

வேனுக்குப் பாதிப் பணம் கொடுத்தவர் ஸ்கூட்டர் கடை முதலாளி. பேருந்து நின்றுபோனால் நாலு ஸ்கூட்டர் கூடுதலாக விற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பொதுநலம். வேனின் முதுகில் 'எட்டாம் எண்ணைக் காப்போம்' என்று எழுதி, அதன் கீழே 'எளிய தவணையில் ஸ்கூட்டர்' என்று அதைவிடப் பெரிதாக எழுதினார்கள்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் செயலாளரும் ஓட்டுநரும் ஒலிபெருக்கியும் மட்டும் போவார்கள். நிறுத்தத்தில் தையல்காரம்மாவைக் கண்டால் வேன் மெதுவாகும். "இந்தத் தாய் வெயிலில் நிற்கலாமா? நிற்கலாமா?" என்று ஒலிபெருக்கி அவர் காதருகே உருகும்.

ஒருநாள் அவர் கேட்டார். "தம்பி, ஆஸ்பத்திரி பக்கம்தானே போறீங்க? ஏறிக்கட்டுமா?"

செயலாளர் பதறிவிட்டார். "என்னம்மா நீங்க! நீங்க இதுல ஏறினா பஸ் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? கொள்கை இடிக்குதும்மா."

வேன் காலியாகவே கிளம்பியது, கொள்கையை மட்டும் ஏற்றிக்கொண்டு.

பிறகு போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரும் புதன்கிழமை எட்டரை மணி வண்டியில் ஏறுகிறவர்களை எண்ணுவோம், முப்பது பேர் இருந்தால் பேருந்து ஓடும், இல்லையென்றால் நிறுத்திவிடுவோம். நீங்களும் நானும் இதை எப்படிப் படிப்போம்? செயலாளரின் கண்ணில் 'புதன்கிழமை' மட்டுமே பட்டது.

"புதன்கிழமை முடிவு எடுக்கிறாங்க! அன்னிக்குக் காலையில அவங்க ஆபீஸ் வாசல்ல கூட்டம் நிக்கணும்!"

"இல்லைங்க, பஸ்ல வந்து எண்ணப் போறாங்கன்னு..." என்று பொருளாளர் இழுத்தார்.

"எண்ணட்டுமே! எண்ணி மாளாத கூட்டத்தைக் காட்டுவோம்!"

புதனன்று காலை ஏழரையிலிருந்து வேன் மூன்று நடை அடித்தது. எட்டாம் எண்ணுக்காகத் தினமும் அதே நிறுத்தத்தில் நிற்கும் முப்பத்தெட்டுப் பேரையும், கல்லூரிப் பிள்ளைகள், வார்டு ஆயாக்கள், மருந்துக்கடைப் பெண்கள் எல்லோரையும், ஆளுக்கொரு தொப்பியும் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்து, நெருக்கியடித்து ஏற்றிப் போய் அலுவலக வாசலில் இறக்கியது. தையல்காரம்மா மட்டும் மறுத்துவிட்டார். மருத்துவமனையில் அவருக்குக் குறித்த நேரம் தப்பினால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள்.

எட்டரை வண்டி வந்தது. அவர் ஏறினார். வாசலருகே அட்டையும் கையுமாக நின்ற குமாஸ்தா ஒரு கோடு போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"வேற யாரும் ஏறலையாம்மா?"

"எல்லாரும் இந்த பஸ்ஸுக்காகத்தான் சார் போயிருக்காங்க."

அடுத்த மாதம் முதல் தேதியோடு பேருந்து நின்றது.

செயலாளர் அன்று உண்மையிலேயே கலங்கினார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "எவ்வளவு பெரிய கூட்டம்! ஒரு பஸ்ஸை விட மாட்டேன்றானுங்களே!" என்று மனைவியிடம் மூன்று முறை சொன்னார். ஆனால் கை கழுவும்போது நெஞ்சின் ஒரு மூலையில் லேசாக ஏதோ இளகியது. பேருந்து ஓடியிருந்தால் நாளைக் காலை எங்கே போவது? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அச்சகத்துக்குத் தொலைபேசினார். ரசீதுப் புத்தகம், இரண்டாம் கட்டம், ஐந்து.

ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் செலவுகளை வாசித்தார். தொப்பி. பிஸ்கட். மலர். "அப்புறம் டீசல். திங்கள், புதன், வெள்ளி, ஆஸ்பத்திரி ரோடு, பிரச்சாரம்."

செயலாளர் நிமிர்ந்தார். "அந்தப் பக்கம் நான் போகவே இல்லையே?"

ஓட்டுநர் சுவரைப் பார்த்தார். கடைசி வரிசையில் தையல்காரம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வீடு தேடிப் போற பிரச்சாரம்," என்றார் பொருளாளர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்படியா! எத்தனை வீடு?"

"ஒரு வீடு. ஆனா நாள் தவறுறதில்லை."

"ரொம்பக் கொஞ்சமா இருக்கே. சரி, நடக்கட்டும். இப்ப புதுப் பெயர்ப்பலகைக்கு என்ன கலருன்னு சொல்லுங்க."

அந்த நோட்டில் இருந்த ஒரே பொய்க் கணக்கு அதுதான். உருப்படியான செலவும் அது ஒன்றுதான்.

செயலாளரை நினைத்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் புதன்கிழமை மூன்றாம் நடையில் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பிஸ்கட் மென்றபடி. நிறுத்தத்தில் தனியாக நின்ற அம்மாவைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார். முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தொப்பி மட்டும் கிடைத்திருக்கிறது. எங்கே, தலையைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்கள்.