மூக்கு நானா கட்டிய கராம்புத் தோரணம்

மாத்தளையில் மூக்கு நானாவை ஏமாற்றிய சரக்கு ஒன்றுகூட இல்லை. வாசனைச் சரக்குத் தரகர் அவர். ஒரு கராம்பைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனால் போதும். அது யட்டவத்தையில் காய்ந்ததா, நாவுலவில் காய்ந்ததா, இடையில் மழை பெய்ததா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஏலக்காய் மூட்டை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். லொறியில் அதற்குப் பக்கத்தில் கருவாடு வந்ததாம். லொறிக்காரர் ஒப்புக்கொண்டதோடு, அது என்ன கருவாடு என்றும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் முப்பது வருடம் உட்கார்ந்து தரகு பார்த்த கிடங்கு, வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பி ஸ்டோர். பிறகு கைவிடப்பட்டுப் பாழடைந்து கிடந்த அதை அறுபதுகளில் ஊர் கூடிப் பழுதுபார்த்து வாசிகசாலை ஆக்கினோம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, குருத்தோலையும் கலர்க் கடதாசியும் கட்டினோம். திறப்பு விழாக் குழுவுக்கு நான் செயலாளர்.

நானா வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கட்டடத்தக் காப்பாத்திட்டீங்க மகன். வாசத்தக் கழுவிட்டீங்க. ஒன்னுமே மணக்கல்ல."

திறப்பு விழாவுக்குள் பழைய மணம் திரும்பியே ஆகவேண்டும் என்று நின்றார். கடதாசி இறங்கியது, நூலில் கோத்த கராம்பு ஏறியது. ஜன்னல்தோறும் கறுவாப் பட்டைக் கட்டு. தினமும் வந்து ஒரு கராம்பைக் கசக்குவார். தன் மூக்குக்குக் கொண்டுபோகாமல் என் மூக்குக்கு நீட்டுவார்.

"வருதா?"

வருகிறது என்பேன். அவர் இன்னொரு சரம் கட்டுவார். பல்ப் மாட்ட வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். இது வாசிகசாலையா, புரியாணிச் சட்டியா என்று குழுத் தலைவர் கேட்டார்.

"புரியாணின்னா நீங்க இந்நேரம் கேள்வி கேட்டுட்டு நிக்க மாட்டீங்க," என்றார் நானா.

விழாவன்று பிரதம விருந்தினர் "பெரியோர்களே" என்று தொடங்கித் தும்மினார். "தாய்மார்களே" வருவதற்குள் ஏழு தும்மல். பிறகு சபை முழுவதும் தும்மியது, நாதஸ்வரக்காரரும் விடுபடவில்லை. தும்மாதவர் ஒரே ஒருவர். சரங்களுக்கு நேர் கீழே, முகத்தை உயர்த்தியபடி நானா நின்றிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் போய், "உங்களுக்கு வருதா நானா?" என்று கேட்டேன்.

"போன வருஷக் காய்ச்சலோட போச்சு மகன்," என்றார். "டொக்டரும் கைவிட்டாரு. இந்தக் கட்டடத்துக்குள்ளயாவது திரும்பி வரும்னு நெனச்சேன்."

பிறகு அவரே கேட்டார்: "எப்பிடி இருக்கு, சொல்லுங்க."

சொன்னேன். முதலில் கராம்பு, அதன் பின்னால் மெதுவாகக் கறுவா, வாசல் பக்கம் போனால் குருத்தோலை, எல்லாவற்றுக்கும் அடியில் ஈரச் சுண்ணாம்பு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு என்றதும் முகம் சுளித்தார்.

நானா போய் வெகுகாலம் ஆகிறது. அந்த வாசிகசாலையில் இப்போது பழைய பத்திரிகை மணம் மட்டும்தான். இருந்தாலும் உள்ளே காலெடுத்து வைத்ததும், யாரும் பக்கத்தில் இல்லையென்றால், "வருது நானா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.