குரூப்பைப் பூட்டிய மாமா

நான் எழுதிய நகைச்சுவைகளிலேயே அதிகம் பேர் சிரித்தது, எழுதியிருக்கவே கூடாத ஒன்றுக்குத்தான்.

அக்கா மகள் ஜெபா, திற்பரப்பு அருவியில் குளித்த படத்தைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டாள். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. கீழே எழுதினேன்: 'அருவியில் தண்ணீர் குறைந்த காரணம் இப்போதல்லவா புரிகிறது!' ஒரே நிமிடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை முகங்கள் இருபத்தாறு. (எண்ணினேன். எழுதுகிறவன் எண்ணாமல் இருப்பானா?) அடுத்து வந்தது, ஜெபா குரூப்பை விட்டு வெளியேறிய அறிவிப்பு.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏலே, பிள்ள சோறு திங்கமாட்டேங்கா. அம்பது வயசாச்சுல்லா ஒனக்கு?"

ஆச்சு. கல்யாணம்தான் ஆகவில்லை. வடசேரியில் தனி வீடு. பேச்சுத்துணை என்று இருந்ததே அந்தக் குரூப்பும், சனிக்கிழமைதோறும் வந்து என் புத்தகங்களைக் களவாடிப் போகும் ஜெபாவும்தான். அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். படித்தவன் அல்லவா? சீர்திருத்தத்தில் இறங்கினேன். குரூப்புக்கு அட்மின் நான். யார் மனமும் புண்படாத குரூப்பை வடிவமைக்கிறேன் பேர்வழி என்று ஏழு விதிகள் எழுதினேன். உருவத்தைக் கேலி செய்யக் கூடாது. பொம்மை முகம் போடக் கூடாது. பதில் எழுதுமுன் பத்து நிமிடம் யோசிக்க வேண்டும்... விதிகளையே யாரும் நக்கலடித்துவிடக் கூடாதே என்று, அட்மின் மட்டுமே எழுதலாம் என்றும் மாற்றி வைத்தேன். ஒரு நாளைக்குத்தான். பிறகு திறக்க மறந்துபோனேன். (என்னால் எழுத முடிந்ததால், பூட்டிக் கிடப்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.)

நான்காம் நாள் என் பிறந்தநாள். வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லி, தன்னடக்கம் சொட்டச் சொட்ட ஒரு பத்தி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். காலை எட்டு மணிவரை ஒருவரும் வாழ்த்தவில்லை. பத்து நிமிட விதியைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன். பதினொரு மணிக்கு, தோவாளைச் சந்தைப் பிச்சிப்பூ படம் ஒன்றைப் போட்டு, 'இன்று நல்ல நாள்' என்றேன். சத்தமில்லை. மதியம் கேக் வாங்கி வந்து நானே வெட்டி, நானே எனக்கு ஊட்டிக்கொண்டேன். தொண்டையில் இறங்கவில்லை. அப்போதுதான் அக்கா சொன்ன சோறு நினைவுக்கு வந்தது.

நான்கு மணிக்கு ஜெபா அழைத்தாள்.

"மாமா, குரூப்ப என்னத்துக்குப் பூட்டி வச்சிருக்கிய? அம்மையும் சித்தியும் வாழ்த்துப் போட முடியாம கெடந்து முழிக்காவ."

"போன் பண்ணியிருக்கலாமே?"

"நீங்க கோவத்துல இருக்கியன்னு எல்லாருக்கும் பயம்."

"மக்கா... அந்தப் படத்துக்கு நான் எழுதினது தப்பு. மன்னிச்சிரு."



"ஒங்க ஏழு விதியில இது இல்லையே மாமா" என்றாள். பிறகு எட்டாவதை அவளே சொன்னாள். "என்னக் கேலி பண்ணணும்னா, மொதல்ல எனக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. நான் சிரிச்சா மட்டும் குரூப்புல போடுங்க."

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "என்ன, மாமா மாதிரி பூட்டிட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஜெபா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எட்டாம் விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. வாரம் இரண்டு கேலியாவது போனில் சொல்லி அனுமதி கேட்கிறேன். பெரும்பாலும் அவள் சிரிப்பதில்லை. அந்தக் கேலிகளில் பாதியைக் குரூப்பில் போடும் எண்ணம் எனக்கும் இருப்பதில்லை. போன் பண்ண ஒரு சாக்கு வேண்டுமே!