நொட்டையாரைச் சங்கத்தை விட்டு நீக்கிய கதை

விற்க வந்த பொருளை ‘வாங்காதே’ என்று சொல்லியே விற்ற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பெரம்பலூர் நொட்டையார்.

தொழில் ஏலம் விடுவது. ஊராட்சிப் புளியமரம், கோயில் தேங்காய், ஏரி மீன், ஆபீஸ் வாசலில் துருப்பிடித்து நின்ற ஜீப் என்று எதுவானாலும் ஏலம் விடுவார். மற்ற ஏலக்காரர்கள் ஓட்டை ஜீப்பைக் காட்டி, “சிங்கம் மாதிரி வண்டி!” என்பார்கள். நொட்டையார் அதே ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மைக்கைப் பிடிப்பார்.

“இஞ்சினு நல்லா ஓடும். பிரேக்கு புடிக்காது. பிரேக்கு இல்லாத வண்டில இஞ்சினு நல்லா ஓடுறது ஒங்களுக்குத்தான் ஆபத்து. கேக்குறவங்க கேளுங்க. ஒரு தரம்!”

எதிலும் நொட்டை சொல்வதால் வந்த பெயர் அது. வயதுக்கு மரியாதையாக ‘ஆர்’ சேர்த்தார்கள். உண்மைப் பெயரை ஒரு தடவை பேனரில் அவர் படத்துக்குக் கீழே போட்டேன். அவர் மனைவியே கடைக்கு வந்து, “படம் சரியாத்தான் இருக்கு. பேருதான் வேற யாரோடதோ போட்டுட்டீங்க தம்பி” என்றார்.

அப்போது புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தேன். என் தலைக்கு மேலே, மாடியில், பெரம்பலூர்–அரியலூர் வட்டார ஏலம் விடுவோர் முன்னேற்றச் சங்கம். அரசாங்கம் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தது, திரும்பச் சேர்த்தது, மறுபடியும் பிரித்தது. சங்கமும் கூடவே பிரிந்து, சேர்ந்து, பிரிந்து களைத்துப்போய், கடைசியில் ஒரே சங்கமாக இருப்பது, பதவிகளை மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்வது என்று சமாதானத்துக்கு வந்தது. அதனால் உறுப்பினர்களை விடப் பதவிகள் அதிகமாகிவிட்டன. பெரம்பலூருக்குப் பொருளாளரும் அரியலூருக்குத் துணைத் தலைவரும் ஒரே ஆள்தான். துணைத் தலைவரானதற்குப் பொருளாளர் வாழ்த்துத் தெரிவிப்பதாக அவர் பேனர் வைத்தார். ஒரே முகம் இரண்டு பக்கமும் நின்று தன்னைத்தானே கும்பிட்டது.

சங்கச் செய்தி எல்லாம் என் மிஷின் வழியாகத்தான் ஊருக்குப் போகும். முப்பெரும் விழா என்று ஒன்று நடத்தினார்கள். தலைவரின் பிறந்தநாள், புது மைக் செட் தொடக்கம், தலைவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்பியது ஆகிய மூன்றும் பெரும் விழாக்கள். பேனரில் தலைவர் ஆள் உயரத்துக்கு நிற்பார். மற்றவர்கள் அவர் காலடியில் தபால்தலை அளவில் வரிசையாக இருப்பார்கள்.

பேனர் காய்வதற்குள் நொட்டையார் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

“ஏன் தம்பி, ‘வருக வருக’ன்னு ரெண்டு தடவ போட்டுருக்க? ஒரு தடவ கூப்டா வரமாட்டாங்களா?”

“எல்லாரும் அப்படித்தாங்கய்யா போடுறாங்க.”

“எல்லாரும் போட்டும் எவன் வந்தான்?”

அவர் மகளைப் பெண் பார்க்கக் கீழப்பழுவூரிலிருந்து வந்தபோது நானும் கூட இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கேசரியை வாயில் வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு நொட்டையார் தொடங்கினார். “பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு. ஆனா கோவம் வந்தா மூணு நாளைக்குப் பேசாது. வெண்டக்கா பொரிச்சா அடி புடிச்சிரும். இந்தக் கேசரி அது செஞ்சதில்ல, கடைல வாங்குனது.” சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறி எழுந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “உக்காருங்க. கோவம் வந்தா மூணு நாளைக்குப் பேசாத ஆளு நம்ம வூட்டுக்கு ஒண்ணு வேணும். நீங்க மூணு நிமிசம் சும்மா இருந்து நான் பாத்ததில்ல.” கல்யாணம் அங்கேயே முடிவானது.

ஏலத்திலும் இதேதான் நடக்கும். குறையைச் சொல்லச் சொல்ல விலை ஏறும். எனக்கு இது புரியச் சில காலம் பிடித்தது. மற்றவர்கள் ‘சிங்கம்’ என்றால், எத்தனை குறையை மறைக்கிறானோ என்று சனங்கள் பயந்து விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நொட்டையார் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதால் பயம் போய்விடும், துணிந்து கேட்பார்கள். சங்கத்துக்கு மட்டும் இது கடைசிவரை புரியவில்லை. அவர் தொழிலின் மானத்தை வாங்குகிறார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பொருமினார்கள்.

வினை சங்கக் கட்டட ரூபத்தில் வந்தது. கட்டடம் பெரம்பலூரிலா அரியலூரிலா என்று நீண்ட நாள் சண்டை. கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவே, இரு தரப்புக்கும் சமமாகத் தொல்லை கொடுக்கும் இடத்தில் கட்டலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த வழியில் புதிதாக மனை போட்டிருந்த ஒருவர், மற்ற மனைகளையெல்லாம் சங்கம் ஏலம் விட்டுக் கொடுத்தால் ஒரு மனையைச் சங்கத்துக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னார். சனங்கள் நம்பி வர வேண்டுமானால் மைக்கில் நொட்டையார் இருந்தாக வேண்டும். தலைவரே கடைக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த நொட்டையாரிடம் என் எதிரிலேயே கெஞ்சினார்.

“அண்ணே, அன்னிக்கி ஒரு நாளு மட்டும் நொட்டை சொல்லிராதீங்க. பொறக்கப் போற கட்டடத்துக்கு ஒங்க பேரக்கூட வச்சிருவோம்.”

“எம் பேரு வேணாம். நல்லாருக்காது” என்றார் நொட்டையார். “சரி, மனை நம்பர மட்டும் சொல்றேன். போதுமா?”

பந்தல், பலூன், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். வேப்பந்தட்டை, செந்துறைப் பக்கமிருந்தெல்லாம் வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். நொட்டையார் மைக் முன் நின்றார். “மனை நம்பர் ஒண்ணு” என்றார். அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. நெற்றியில் வேர்வை வழிந்தது. பிரசவ வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதுபோல் நின்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. “என்னய்யா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாரு?” “சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய நொட்டையா இருக்கும் போல!”

அப்போது முன்வரிசையிலிருந்து செல்வி என்ற பெண் எழுந்து வந்தாள். வேப்பந்தட்டைக்காரி. புருஷன் துபாயில் கட்டட வேலை. கையிலிருந்த போனில் அவன் முகம் தெரிந்தது.

“ஐயா, இவுரு லைன்ல இருக்காரு. அங்க வெயில்ல நின்னு சம்பாரிச்ச காசுங்க. நாங்க இன்னும் வாடகை வூட்லதான் இருக்கோம். இத வாங்கலாமான்னு ஒங்களையே கேக்கச் சொல்றாரு.”

நொட்டையார் தலைவரைப் பார்த்தார். தலைவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நொட்டையார் போனைப் பார்த்தார். அந்தப் பையன் தலையில் இன்னமும் வேலைத் தொப்பி இருந்தது.

“தம்பி, கேக்குதா?” என்றார் மைக்கிலேயே. “இது ஏரிக்குத் தண்ணி போற வாய்க்கா. மண்ணு அடிச்சு மூடியிருக்காங்க. மழ வலுத்தா இடுப்பளவு நிக்கும். ரோட்டுக்குப் போற பாதை இன்னொருத்தரு பட்டால இருக்கு. நாளைக்கே அவரு வேலி போட்டா, வூட்டுக்கு நீ பறந்துதான் போவணும். ஒங்காசு, ஒன் இஷ்டம். மனை நம்பர் ஒண்ணு, ஒரு தரம்!”

“ரொம்ப நன்றிங்கய்யா” என்ற குரல் துபாயிலிருந்து வந்து, புது மைக் செட்டில் மைதானம் முழுக்கக் கேட்டது. செல்வி போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே கூட்டம் நடந்தது. பிரியாணியை முன்கூட்டியே கொடுத்துவிட்டோமே என்பதுதான் தலைவரைக் கடைசிவரை வாட்டிய விஷயம்.

கட்டடம் போச்சு. விசாரணைக் குழு உட்கார்ந்தது. குற்றப்பத்திரிகையை அடித்துக் கொடுக்கச் சொல்லித் தலைவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். “ஏல மேடையில் உண்மை பேசியது” என்று தட்டினேன்.

“உண்மைன்னு போடாத தம்பி, படிக்கிறவன் என்ன நெனப்பான்? ‘தேவைக்கு மிஞ்சின விவரம்’னு போடு.”

விசாரணை நாளில் மாடியில் நிற்க இடமில்லை. நான் பேப்பரைக் கொடுக்கிற சாக்கில் ஓரமாக நின்றேன். நொட்டையார் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். எல்லோரும் அவர் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தார்கள்.

“முழங்காலளவுன்னு எழுதியிருக்கீங்க. நான் இடுப்பளவுன்னு சொன்னேன். பாதை விசயத்த விட்டுட்டீங்களே, அதுதான் பெரிய குத்தம்” என்று பேனா வாங்கித் திருத்திக் கொடுத்தார்.

நீக்குவதற்கு ஆதரவானவர்கள் கை தூக்கும்படி தலைவர் சொன்னார். பலரும் தூக்கினார்கள். அவரால் தங்கள் மாப்பிள்ளைக்கு நல்ல வண்டி வாங்கிய ஒன்றிரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். ‘நிறைவேறியது’ என்று தலைவர் வாய் திறப்பதற்குள் நொட்டையார் எழுந்து கைகளை எண்ணினார்.

“தலைவரே, விதிப்படி மூணுல ரெண்டு பங்கு வேணும். ஒரு கை கொறையுது. இத இப்படியே விட்டா நாளைக்கு எவனாச்சும் செல்லாதும்பான்.” சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினார்.

அப்படியாக, தன்னை நீக்கும் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கைப்பிடி ஆடுகிறது, யாராவது விழுவதற்குள் சரி பண்ணுங்கள் என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

அந்த வருடம் மழையே பெய்யவில்லை. தலைவர் வெயிலில் அந்த மனையின் நடுவே நின்று செல்ஃபி எடுத்து, ‘பாரீர்! ஒரு சொட்டு நீர் உண்டா?’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவருக்குப் பின்னால் ஏரியிலும் ஒரு சொட்டு நீர் இல்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் ஏலம் படுத்துவிட்டது. செந்துறைப் பக்கம் ஒரு கோயிலில் தேங்காய் ஏலத்துக்குத் தலைவரே போனார். “அமிர்தமான தேங்காய்!” என்றார். “அதிருக்கட்டும், நொட்டை என்ன? அத மொதல்ல சொல்லுங்க” என்றார்கள். “நொட்டையே இல்லை” என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பொருளாளர்–துணைத் தலைவர் சமயோசிதமாக ஆட்டு ஏலத்தில் நொட்டை சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாத வாய். ரொம்ப யோசித்து, “ஆட்டுக்குத் தாடி கொஞ்சம் நீளம்” என்றார். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

வேறு வழியில்லாமல் சால்வையோடு நொட்டையார் வீட்டுக்குப் போனார்கள். அவர் சால்வையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நடுவுல இழை வுட்டுருக்கு” என்றார். பிறகு அதையே போர்த்திக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். மறுநாள் சங்கச் செய்தி வெளியானது: தமிழகத்திலேயே முதன்முறையாக, தலைவரின் தொலைநோக்குச் சிந்தனையில் உதித்த ‘குறை அறிவிப்புப் பிரிவு’ தொடக்கம். தலைவர் ஆள் உயரத்துக்கு நின்றார். நொட்டையார் தபால்தலையாக இருந்தார். நான் அடித்த கடைசிப் பேனர் அதுதான்.

எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்திருந்தது. மிஷினை நொட்டையாரே ஏலம் விட்டார். “இதுல செவப்பு சரியா வுழாது. பேனர்ல தலைவரு மொகம் ஊதாவா இருந்ததுக்கு இதான் காரணம். மத்தபடி அவரு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கேக்குறவங்க கேளுங்க!” நான் நினைத்ததை விட நல்ல விலைக்குப் போனது.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம். “அங்க விக்கிறதெல்லாம் வெங்காயமே இல்ல” என்று கொடுத்தார். திருச்சியிலிருந்து வந்த சென்னை பஸ் ஒன்று நின்றது. நான் பையைத் தூக்கினேன்.

“இது வேணாம். டிரைவரு மூஞ்சியப் பாரு, வூட்ல சண்ட போட்டுட்டு வந்துருக்கான்.”

டிரைவர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன். அடுத்த பஸ் வந்தது.

“டயரு மொட்டையா இருக்கு தம்பி.”

குனிந்து பார்த்தேன். புது டயர்.

அதற்கடுத்த பஸ்ஸில் நான் ஏறி, பையையும் மேலே வைத்துவிட்டேன். அவர் பஸ்ஸை ஒரு சுற்று, மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, ரொம்ப நேரம் எதையோ தேடினார்.

“இந்தப் பக்கம் ஒனக்கு வெயிலடிக்கும்” என்றார் கடைசியில்.

வெயில் சாய்ந்து வெகு நேரமாகியிருந்தது. நான் பையை இறக்கிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன்.